பழைய வீடும் பிறர் வீட்டுக் கதவும்

'வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்' என்று சொல்லிவைத்த நம் முன்னோர், பழைய வீட்டைத் திருத்திப்பார் என்று ஏன் சொல்லாமல் விட்டனர்? அவர்கள் காலத்தில் அது தனிக் காரியமாக இருக்கவில்லை போலும். மாரிக்கு முன் ஓடு பார்ப்பதும், பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளை அடிப்பதும் குடித்தனத்தோடு குடித்தனமாக நடந்தன. அந்த ஒழுங்கு அறுந்தபின் வந்த சுமைதான் 'திருத்த வேலை'.

இணுவிலில் உள்ள எங்கள் வீடு பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு. நடுவே முற்றம், சுற்றிவர விறாந்தை. சுண்ணாம்புக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். மேலே பனை வளை, பனஞ்சிலாகை, ஓடு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். மறு ஆண்டு திரும்பி வந்து பார்த்தால், மேற்குப் பக்கத்தில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. சுவர்கள் மட்டும் நின்றன. தகரத்தை மேலே போட்டு, ஈரம் ஊறிய சுவர்களுக்குச் சீமெந்து பூசிக் குடியிருந்தோம்.

அந்தப் பூச்சு என் அறியாமையின் சின்னம். இரண்டு மாரி கழியுமுன் சுவர் கொப்புளித்தது. தட்டினால் பொள்ளென்று கேட்டது. பாளம் பாளமாகக் கழன்று விழுந்த இடங்களில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. நிலத்தினின்று சுவருக்குள் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு காற்றிலே விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு அதற்கு வழி விடாது. உள்ளே அடைபட்ட நீரில் கரைந்திருந்த உப்பு பூச்சின் பின்னே படிகமாகி அதைத் தள்ளிவிடுகிறது. இதனை எனக்கு உணர்த்தியது புத்தகமன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், ஓய்வூதியப் பணத்துடன் வேலையைத் தொடங்கியபோது வந்த முதிய மேசனார் ஒருவர், சுவரிலே கையை வைத்துப் பார்த்துச் சொன்னார்: "மாஸ்டர், சுவருக்கு மூச்சு முட்டுது. முதல்லை இந்தச் சீமெந்தைக் கழட்டுவம்."

கழற்றினோம். வளவின் மூலையில் குழி வெட்டிச் சுண்ணாம்பைப் போட்டு நீர் வார்த்தபோது அது உலைபோலக் கொதித்தது. பல கிழமைகள் ஊறவிட்டு, மணலுடன் குழைத்து, பனங்கட்டி நீரும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்த்துப் பூசினார். ஒரு கிழமையில் முடியும் வேலை நான்கு மாதம் நீண்டது. வீட்டில் எனக்குக் கிடைத்த ஏச்சை இங்கே விரிக்கவில்லை.

ஆனால் அந்தச் சாந்தின் இயல்பை அறிந்தபின் எனக்கு வியப்பு அடங்கவில்லை. சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் வேகும் கல், தன்னிலுள்ள கரியமிலவாயுவை இழந்து சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின் அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல மீட்டு மறுபடியும் கல்லாகிறது. (சூளையில் எரித்த விறகின் புகை மீளாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) சீமெந்துக்கோ 1450 பாகை வரை வெப்பம் வேண்டும். உலகில் மனிதர் வெளிவிடும் கரியமிலவாயுவில் 8 வீதமளவு சீமெந்துத் தொழிலால் வருவது என்கின்றனர். காங்கேசன்துறையில் 1950இல் எழுந்து, போரினால் 1990இல் ஓய்ந்த ஆலை அரைத்ததும் எங்கள் காலடியிலுள்ள இதே கல்லைத்தான்.

சுவர் முடிந்தது, கூரைக்கு மரம் வேண்டும். இன்று பனை தறிக்க அனுமதி வேண்டும்; அது நியாயமே. பதுங்கு குழிகளுக்கும் காவலரண்களுக்குமாகச் சாய்ந்த பனைகள் போதாவா? ஆகவே பழைய மரங்களும் ஓடுகளும் விற்கும் வளவொன்றுக்குப் போனோம். ஓடாவியார் ஒவ்வொரு சிலாகையையும் சுத்தியலால் தட்டிச் செவி கொடுத்துக் கேட்டார். கரிய வைரம் கணீரென்றது. உள்ளே உக்கியது அமுங்கி ஒலித்தது. நல்லவை நாற்பது தேறின. மங்களூர் ஓடுகளும் கிடைத்தன. அவ்வூரில் 1865இல் பாசல் மிஷன் தொடங்கிய தொழில் அல்லவா அது! ஒரு நூற்றாண்டு மழையை வாங்கிய ஓடு இன்னும் கலகலவென்று ஒலிக்கிறது.

அங்கேதான் அந்தக் கதவைக் கண்டேன். முதிரை மரம், இரட்டைக் கதவு. அதன் உட்புறத்தில் கரிக்கட்டியால் கீறிய பால் கணக்கு. இருபத்துமூன்று கோடுகள்.

"எந்த ஊர்க் கதவு, தம்பி?"

"வடக்குப் பக்கத்தாலை வந்தது, மாஸ்டர். நாலு கை மாறி வந்தது. ஆற்றை வீடெண்டு எனக்கென்ன தெரியும்?"

வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் எழுந்து போனவர்கள். 2009க்குப் பின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டபோது, கூரையும் கதவும் நிலையும் அற்ற சுவர்களையே பலர் கண்டனர். பழம் பொருளை மீண்டும் பயன்படுத்துவதைப் பற்றி இன்று பலரும் மகிழ்ந்து பேசுகிறார்கள். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1958 முதல் நான்கு சிறு வீடுகளை இணைத்து அமைத்த தம் கொழும்பு இல்லத்தில் செட்டிநாட்டுப் பழந்தூண்களை நிறுத்தியதையும் எடுத்துக் காட்டுவர். அழகுதான். ஆனால் உடையவன் விற்ற மரத்துக்கும் உடையவன் இல்லாத வேளையில் பெயர்த்த மரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சுத்தியலால் தட்டி அறிய முடியாது. எங்கள் மேற்குப் பக்கத்துக் கதவும் இன்று எவர் வீட்டிலோ திறந்து மூடப்படுகிறது.

வாங்கினேன். வாங்காவிட்டால் விறகாகும் என்று எனக்கு நானே சொன்ன நியாயம் அரை நியாயம் என்பதும் தெரியும். "கண்ணீர் பட்ட மரம் தலைவாசலுக்கு வேண்டாம்" என்றாள் மனைவி. சாமான் அறைக்குப் போட்டோம். கரிக்கோடுகளைச் சீவவேண்டாமென்று ஓடாவியாரிடம் சொன்னேன்.

வடக்கிலிருந்து எவர் வந்தாலும் அந்தக் கதவைக் காட்டுகிறேன். சென்ற தை மாதம் வந்த மூதாட்டி ஒருவர் கொண்டியைத் தடவி, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, நெடுநேரம் நின்றார்.

"எங்கடை கதவு இதைவிடக் கொஞ்சம் உயரம், தம்பி" என்றார்.

பின்பு முற்றத்தில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்.