நிழல் சொல்லும் நேரம் – 17: கோடு போய்ச் சேர்ந்தது, எழுத்து சேரவில்லை

சென்னைக்கான கிடைத்தள சூரியக் கடிகாரத்துக்குப் போன வாரமே மணிக்கோடுகள் போட்டாயிற்று. சூத்திரம் வேண்டுவோர் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் எண்கள்.

நம் அட்சரேகை 13 பாகைக்குச் சற்று மேல். அதனால் நண்பகல் கோட்டுக்கும் ஒரு மணிக் கோட்டுக்கும் நடுவே மூன்றரைப் பாகைதான் கிடைக்கிறது. லண்டனில் ஏறக்குறைய 12. கோடுகள் கூடும் புள்ளியிலிருந்து 15 செ.மீ. தள்ளி எண் எழுதினால் நமக்கு மிஞ்சுவது 9 மி.மீ. ரோமன் இலக்கத்தில் பன்னிரண்டு என்றால் மூன்று எழுத்து. திரையில் கச்சிதமாக நின்றது, அச்சில் பக்கத்து எண்ணை இடித்துக்கொண்டு வரும்.

காரணம், ஆட்டோகேடில் வரைந்ததை அச்சுக்கடைக்குக் கொண்டுபோகும் டிஎக்ஸ்எஃப் கோப்பு. கோட்டின் இரு முனைகளும் அதில் அளவுகளாகவே பதிவாகின்றன. எழுத்துக்கு அப்படியில்லை. என்ன எழுத்து, எங்கே, எவ்வளவு உயரம், எத்தனை பாகை சாய்வு, எழுத்துருவின் பெயர் என்ன என்பதோடு சரி. வடிவம் கூடப் போவதில்லை. அச்சுக்கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆட்டோகேட் வேறொன்றை எடுத்துப் போட்டுவிடும். அகலம் மாறிவிடும்.

பித்தளைத் தகட்டில் செதுக்கக் கொடுத்தால் இன்னொரு சிக்கல். வழக்கமான ட்ரூடைப் எழுத்துக்கு வெளிவிளிம்புதான் உண்டு. செதுக்கும் எந்திரம் விளிம்பைச் சுற்றிவந்து, உள்ளே கூடான எழுத்தைத் தரும். ஒரே கோட்டில் ஓடும் எழுத்துரு வேண்டும்.

அதைத் தேடும்போதுதான் ஆலன் ஹெர்ஷி கிடைத்தார். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து டால்கிரன் ஊரில், கடற்படை ஆயுத ஆய்வுக்கூடத்தில் இருந்த இயற்பியலாளர். எழுத்துகளையெல்லாம் நேர்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்து 1967இல் அறிக்கையாக வெளியிட்டார். ரோமன், கிரேக்கம், ரஷ்யன், ஜப்பானிய எழுத்து, இசைக்குறிகள் என்று மனிதர் எதையும் விடவில்லை! பின்னாளில் கைமாறி வந்த கோப்பில் அளவுகளும் எழுத்தாகவே இருக்கின்றன. 'ஆர்' என்றால் பூஜ்யம். அடுத்த எழுத்தான 'எஸ்' ஒரு படி வலம், முந்தைய 'க்யூ' ஒரு படி இடம். ஓர் இடைவெளியும் 'ஆர்' எழுத்தும் சேர்ந்து வந்தால் பேனாவைத் தூக்கு என்று பொருள். இன்க்ஸ்கேப் மென்பொருளில் இவர் பெயரிலேயே ஒரு வசதி இருக்கிறது.

என்னைத் துள்ளவைத்த சேதி இனிமேல்தான். ஹெர்ஷியின் தொகுப்பில் பன்னிரண்டு ராசிக் குறிகளும் உண்டு. சூரியக் கடிகாரத்தின் தேதிக்கோடுகளுக்கு நூற்றாண்டுகளாகப் போட்டுவரும் அதே குறிகள்! நம் தகட்டுக்கு வேண்டிய எண்ணும் குறியும் ஒரே கையிலிருந்து வந்தாயிற்று.

இடம் முடிகிறது. சொல்வதாக இருந்த நேரத்திருத்த அட்டவணை, தேதிக்கோடுகளோடு சேர்ந்து அடுத்த வாரம். அதற்குள் ஒரு வேலை: படத்துக்கு நகல் எடுத்து, நகலில் மட்டும் ஆட்டோகேடின் எக்ஸ்பிரஸ் டூல்ஸ் வழியாக எழுத்துகளைக் கோடுகளாக உடைத்துவிடுங்கள். கடைக்குப் போகவேண்டியது அந்த நகல். மூலத்தைத் தொடாதீர்கள், எண்ணைத் திருத்த அது வேண்டும்.