வீட்டுக்குள்ள ஒரு மில்லிங் மெஷின்... முதல் ஜாப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

அம்பத்தூர் பக்கம் வளர்ந்தவங்களுக்குக் கட்டிங் ஆயில் வாசனை புதுசு இல்லை. 1949-ல் வந்த டி.ஐ. சைக்கிள்ஸ், 1964-ல் தொடங்கின எஸ்டேட், 1965-ல் முதல் விஜயந்தா டாங்கை வெளியே அனுப்பின ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைனு இந்த ஏரியாவே இரும்பைச் சீவித்தான் சோறு சாப்பிட்டிருக்கு. இப்போ அதே வேலையை ஹாபியா வீட்டுலயே செய்யணும்னு நிறைய பேருக்கு ஆசை. பைக்குக்கு ஒரு பிராக்கெட், ரோபோவுக்கு ஒரு மவுன்ட்... ஆசை நல்லதுதான்.

எனக்கும் அந்த ஆசை வந்தது. பல மாசச் சேமிப்பைப் போட்டு மினி மில் ஒண்ணு வாங்கினேன். முதல் நாளே 6 மி.மீ. எண்ட் மில் டப்புனு உடைஞ்சது. வித்துடலாம்னு போட்டோகூட எடுத்துட்டேன். எஸ்டேட்டில் மில்லராக இருந்து ரிட்டையர் ஆன பெரியப்பா வந்து பார்த்தார். "மெஷின் மேல ஏம்மா பழி போடுற? நீ இன்னும் அதை செட்டே பண்ணலையே!"

முதல்ல, நீங்க வாங்கப் போறது எதுனு தெரிஞ்சுக்கோங்க. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற 3018 சி.என்.சி., 30-க்கு 18 செ.மீ. அளவுக்குள்ள மரம், அக்ரிலிக், பி.சி.பி. வெட்டும். இரும்பை அதுகிட்ட காட்டாதீங்க. இரும்புக்கு 50, 60 கிலோ எடையுள்ள மினி மில்லாவது வேணும். செகண்ட் ஹேண்டில் பெரிய மெஷின் கிடைக்குதேனு மயங்காதீங்க, டன் கணக்கில் எடை, த்ரீ ஃபேஸ் கரன்ட்.

மெஷின் வந்ததும், துரு பிடிக்காம இருக்கத் தடவியிருக்கிற கிரீஸை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சு எடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. அப்புறம் ஆயில் விட்டு, கனமான இரும்பு டேபிளில் போல்ட் போட்டு இறுக்குங்க. ஆடுற டேபிள்ல எந்த மெஷினும் ஒழுங்கா வெட்டாது.

அடுத்ததுதான் உயிர்நாடி. கட்டர் மாட்டுற ஸ்பிண்டில், டேபிளுக்குச் செங்குத்தா நிக்கணும். 0.01 மி.மீ. காட்டுற டயல் கேஜை ஸ்பிண்டில்ல மாட்டி, கையால சுத்தி டேபிளோட நாலு பக்கமும் ரீடிங் பாருங்க. இடது வலது வித்தியாசத்தை ஹெட்டைத் திருப்பிச் சரிபண்ணலாம். முன்னாடி பின்னாடி வித்தியாசத்துக்கு, காலம் அடியில் ஷிம் வைக்கணும். என் மெஷினில் 200 மி.மீ. தூரத்துக்கு 0.20 மி.மீ. வித்தியாசம், முன்பக்கம்தான் முள் அதிகமா அழுந்துச்சு. அப்படின்னா காலம் முன்னாடி சாய்ஞ்சிருக்குனு அர்த்தம். முன்னும் பின்னும் உள்ள போல்ட்டுகளுக்கு நடுவே 100 மி.மீ. தூரம், அதனால முன்பக்கம் 0.10 மி.மீ. ஷிம் போதும். பெரியப்பா காலி கூல்டிரிங்க்ஸ் கேனை கத்தரியால வெட்டினார். அந்த அலுமினியத் தகடு கிட்டத்தட்ட அதே தடிமன்தான்! வெச்சு இறுக்கி, திரும்ப ரீடிங் பார்த்தோம். ஒரு மதியம் முழுக்க இதுக்கே போச்சு.

சரி, கட்டர் ஏன் உடைஞ்சது? பிளே. ஹேண்டிலைத் திருப்பியும் டேபிள் கொஞ்ச நேரம் நகராம இருக்கும் பாருங்க, அதான். கட்டர் பல் வெட்டுற இடத்துல எந்தப் பக்கம் போகுதோ, அதே பக்கமா ஜாப்பை ஓட்டினா, அந்த பிளே அளவுக்கு டேபிளை கட்டர் வெடுக்குனு இழுத்துக்கும். அதனால எதிர்த் திசையிலயே ஓட்டுங்க. கிப் ஸ்க்ரூக்களை டேபிள் கனமா, ஆனா தடங்காம நகருற அளவுக்கு இறுக்குங்க. நகர்த்தாத ஆக்ஸிஸை லாக் பண்ணிடுங்க.

ஸ்பீடுக்கு ஒரு கணக்கு: வெட்டு வேகத்தை 320-ஆல் பெருக்கி, கட்டர் விட்டத்தால வகுக்கணும். ஹெச்.எஸ்.எஸ். கட்டர்ல மைல்டு ஸ்டீலுக்கு நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு வெச்சா, 6 மி.மீ. கட்டருக்குச் சுமார் 1,300 ஆர்.பி.எம். அலுமினியத்துக்கு இன்னும் வேகமா ஓட்டலாம்.

மேம்படுத்தணும்னா, உள்ளே பிளாஸ்டிக் கியர் இருக்கிற மாடல்களில் பெல்ட் டிரைவ் மாத்துறது நல்ல செலவு. கட்டர் சிக்கினா கியர் பல் உடையும். பெல்ட்னா வழுக்கும், சத்தமும் குறையும். டிஜிட்டல் ரீட்அவுட் எல்லாம் அப்புறம். வைஸோட அடிப்பக்கம் மட்டமா இல்லைன்னா, எஸ்டேட்டில் சர்ஃபேஸ் கிரைண்டிங் பண்ற ஜாப் ஒர்க் கடையில் கொடுங்க. இந்த வசதி நம்ம ஏரியாவுக்கு வரம்.

கிளவுஸ் போடாதீங்க! சுத்துற கட்டர் துணியைப் பிடிச்சா விரலும் சேர்ந்து போகும். துப்பட்டா, தொங்குற முடி, வளையல், மோதிரத்துக்கும் இதே ரூல். கண்ணாடி கட்டாயம். பிசிரை பிரஷ்ஷால தள்ளுங்க, அதுவும் மெஷினை நிறுத்திட்டு. அப்பார்ட்மென்ட்னா மத்தியானம் 2-லிருந்து 4 வரை ஓட்டாதீங்க. கீழ் வீட்டு ஆன்ட்டி தூங்குற நேரம், எனக்கு அனுபவம் இருக்கு.