புது டை ராடு எண்டு நல்லதா? எப்படித் தெரிந்துகொள்வது?

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இன்று அதற்குக் கிடைக்கும் ஸ்டீயரிங் பாகங்களில் தரமானதும் உண்டு, போலியும் உண்டு. திருத்தணி மலைப்பாதை வளைவில் சக்கரத்தைத் திருப்பும் விசை முழுவதும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டின் உருண்டை மூட்டு வழியாகத்தான் போகிறது. அது கழன்றால் சக்கரம் நம் சொல் கேட்காது.

எப்படிச் சோதிப்பது? மூட்டிலிருந்து நீளும் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்துடன் நகர வேண்டும். லொடலொடப்போ சிக்கலோ கூடாது. அடுத்து, கூம்பான தண்டில் மார்க்கர் மை பூசி, அது உட்காரும் துளையில் அழுத்தித் திருகி எடுங்கள். மை சுற்றிலும் சீராக அழிந்தால் பொருத்தம் சரி.

ஏன்? ஓரிடத்தில் மட்டும் தொட்டால் தண்டு துளைக்குள் நுணுக்கமாக ஆடும். நாளடைவில் விரிசல் விடும்.

மூட்டை மூடும் ரப்பர் உறையையும் வளைத்துப் பாருங்கள். காற்றிலுள்ள ஓசோன், அலமாரியில் கிடக்கும் ரப்பரையும் வெடிக்கவைக்கும். வெடிப்பில் தூசி புகுந்தால் மூட்டு சீக்கிரம் தேயும். சந்தேகம் வந்தால் மாட்டாதீர்கள்.