ரைட்டிங் 290: தேறாத செவிலியரின் கையில் என்ன இருக்கிறது?

எங்கள் ஊர்ப் பெயரிலேயே செவிலி இருக்கிறாள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் இறங்கினால் செவிலிமேடு. 2011-ல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்த ஊர், 2021-லிருந்து மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஒரு வீட்டில் தறி ஓடும். பக்கத்து வீட்டில் நைட் டியூட்டி முடித்து வந்த பெண் தூங்கிக்கொண்டிருப்பாள். நெசவாளர் வீடுகளிலிருந்து நர்சிங் படிக்கப் போன பெண்கள் இங்கே நிறையப் பேர். நான் முப்பது வருடம் வார்டில் நின்று ஓய்வு பெற்றவள். முன்பெல்லாம் பிரஷர் பார்க்கவும் தையல் பிரிக்கவும்தான் என் கதவைத் தட்டுவார்கள். இப்போது பரீட்சை ரிசல்ட்டோடும் வருகிறார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம் வந்தவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். "சிஸ்டரம்மா, இந்தத் தடவையும் போச்சு." இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவதற்கு எழுதும் ஓஇடி ஆங்கிலத் தேர்வு, மூன்றாவது முறை. லிசனிங் 360, ரீடிங் 360, ஸ்பீக்கிங் 350. மூன்றிலும் 350 போதும். ரைட்டிங்குக்கு 300 வேண்டும்; இவளுக்கு 290. பத்து மார்க்.

"முன்னால எழுதினதோட மார்க் இருக்கா?" என்று கேட்டேன். கூட வந்திருந்த அம்மா, வீட்டுக்குப் போய்ப் பட்டுப்புடவை அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். ஹால் டிக்கெட், ரசீது, மார்க் தாள் எல்லாம் அதில்தான். ஏழு மாதத்துக்கு முந்தைய தாளில் லிசனிங் 350, ஸ்பீக்கிங் 360, ரைட்டிங் 310. ரீடிங் மட்டும் 330. அந்த முறை ரீடிங் காலை வாரியது, இந்த முறை ரைட்டிங்.

இங்கிலாந்தின் செவிலியர் பதிவுக் குழுவான என்எம்சி, பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மார்க்கைச் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. எந்தப் பகுதியும் அவர்கள் வைத்திருக்கும் கீழ்வரம்புக்குக் கீழே போயிருக்கக் கூடாது, அவ்வளவுதான். முன்பு இந்த இடைவெளி ஆறு மாதமாக இருந்தது; 2023 பிப்ரவரியில் பன்னிரண்டாக்கினார்கள். அதாவது, திண்ணையில் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண் அந்த நிமிஷம் மொழித் தேர்வில் தேறியிருந்தாள். அவளுக்கே தெரியாது. அவள் படித்த கோச்சிங் சென்டரில் யாரும் சொல்லவில்லை. நான்காவது முறைக்கான 'ஸ்பெஷல் பேட்ச்' பணத்தைத் திங்கட்கிழமைக்குள் கட்டச் சொல்லியிருந்தார்கள். பழைய ஆறு மாதக் கணக்கிலேயே அவர்கள் இருந்திருக்கலாம், வேண்டுமென்றே மறைத்திருக்கவும் செய்யலாம். எப்படியானாலும் பணம் போயிருக்கும். தேர்வுக் கட்டணமே முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அந்தப் பணம் அப்பா தறி முதலாளியிடம் வாங்கும் முன்பணம். கூலியில் வாரா வாரம் கழியும்.

இந்தக் கட்டுரை அதற்காகத்தான். பரீட்சையில் தோற்பதால் மட்டும் யாருடைய வாழ்க்கையும் கெட்டுப்போவதை நான் பார்த்ததில்லை. தோற்றவள் வெட்கப்பட்டு வாய் மூடுகிறாள். அந்த மௌனத்துக்குள் வியாபாரம் செய்ய வருகிறவர்கள்தான் கெடுக்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் மாநிலத்தில் பி.எஸ்சி. நர்சிங்கோ ஜிஎன்எம் டிப்ளமோவோ முடித்தவர், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தால் செவிலியர். 1926-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த குழுமம் அது. வெளிநாட்டு உரிமத் தேர்வில் ஒன்பது முறை தோற்றாலும் அந்தப் பதிவில் ஒரு எழுத்து மாறாது. ஆனால் பதிவை உரிய காலத்தில் புதுப்பிக்காமல் விட்டால் கெடும். படிக்கிறேன் என்று வேலையை விட்டு இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்தாலும் கெடும். வளைகுடா நாடுகளில் அண்மைக்கால அனுபவத்தைத்தான் கேட்கிறார்கள்; இடைவெளி விழுந்ததால், அந்நாடுகளின் ப்ரோமெட்ரிக் உரிமத் தேர்வில் தேறியும் வேலை கிடைக்காமல் நிற்கிற பெண்கள் உண்டு. சம்பளம் குறைவு என்று தெரிந்தும் சொல்கிறேன்: வேலையை விடாதீர்கள். டியூட்டியைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள்.

ஏன் மறுபடி மறுபடி தோற்கிறோம் என்பதை யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. "இன்னும் நல்லா படி" என்று மட்டும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் என்கிளெக்ஸ் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பல்கலைக்கழகத் தேர்வில் "நீரிழிவு நோயை வரையறு, காரணங்களை எழுது, செவிலியர் பராமரிப்பை விளக்கு" என்று கேட்பார்கள். நான்கு பக்கம் எழுதுவோம். என்கிளெக்ஸில் கேள்வி வேறு மாதிரி வரும். நான்கு நோயாளிகள்: அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் வலி என்கிறவர், சர்க்கரை 180 உள்ளவர், காலையில் டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவர், தைராய்டு ஆபரேஷன் முடிந்து மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறவர். யாரை முதலில் பார்ப்பாய்? கழுத்தில் வீக்கம் மூச்சுக்குழலை நெரிக்கிறது. கடைசி ஆளிடம் ஓட வேண்டும். நம் வார்டுகளில் வளர்ந்தவளுக்குப் பாடம் தெரியும். டாக்டர் சொல்லாமல் தானே முடிவெடுத்துப் பழகியிருக்க மாட்டாள். அந்தப் பழக்கத்தைத்தான் இந்தத் தேர்வு சோதிக்கிறது. ஆயிரம் பக்கப் புத்தகத்தை மறுபடி மனப்பாடம் செய்வதால் அது வராது. ஒவ்வொரு கேள்விக்கும் "ஏன் இவர், ஏன் மற்றவர் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் வரும்.

என்கிளெக்ஸ் கணினி ஆளுக்கு ஆள் கேள்வியை மாற்றும். குறைந்தது 85, அதிகம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். 85-ல் நின்றால் பாஸ், 150 வரை போனால் ஃபெயில் என்று பெண்கள் நடுங்குகிறார்கள். இரண்டுமே உண்மையில்லை. 85-ல் நின்று தோற்றவர்களும் உண்டு, 150 வரை போய்த் தேறியவர்களும் உண்டு. தோற்றவருக்கு ஓர் அறிக்கை கிடைக்கும். எந்தெந்தப் பகுதியில் வரம்புக்கு மேலே, அருகே, கீழே என்று அதில் இருக்கும். அதைத் திறந்தே பார்க்காமல் அடுத்த தேதி வாங்குகிறவர்களை நான் அறிவேன். அடுத்த முறை எழுதக் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். எத்தனை முறை எழுதலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃபுளோரிடாவில் மூன்று முறை தோற்றால் மறுபயிற்சி முடித்தாக வேண்டும். நியூயார்க்கில் எண்ணிக்கை வரம்பு இல்லை. விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டணம் 200 டாலர், வெளிநாட்டில் எழுதுவதற்கு மேலும் 150. 2022-ல் அமெரிக்காவிலேயே படித்து முதல் முறை எழுதியவர்களில் 100-க்கு 80 பேர்தான் தேறினார்கள். அவர்கள் தாய்மொழியில், அவர்கள் மருத்துவமனையைப் பற்றிய தேர்வு அது. செவிலிமேட்டுப் பெண் தலைகுனிய என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் ஓஇடிக்குப் பிறகு சிபிடி என்ற கணினித் தேர்வும், அங்கே போய் எழுதும் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வும் இருக்கின்றன. ஓஸ்கிக்கு ஒரு விண்ணப்பத்தில் மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் ஆறு மாதம் காத்திருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஓஇடிக்குப் பதிலாக ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியவர், மார்க்கில் சந்தேகம் இருந்தால் ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மார்க் மாறினால் கட்டிய பணம் திரும்பி வரும்.

இனி ஆபத்து. இரண்டாவது முறை தோற்றதும் போனில் ஒரு குரல் வரும். "ஏன் கஷ்டப்படுறீங்க, நாங்க முடிச்சுத் தர்றோம்." ஆள் மாற்றி எழுதுவது, முன்கூட்டியே கேள்வித்தாள், போலி அனுபவச் சான்று. 2023-ல் நைஜீரியாவின் இபாடன் நகரில் ஒரு தேர்வு மையத்தில் ஆள் மாறாட்டம் நடந்ததாக என்எம்சிக்குச் சந்தேகம் வந்தது. சிலர் நம்ப முடியாத வேகத்தில் தேர்வை முடித்திருந்தார்கள். விசாரணை முடிவில் அந்த மையத்தில் எழுதியவர்கள் எல்லாரும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று, நேர்மையாக எழுதியவர்களும் சேர்த்து. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் 25 பேர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். ஃபுளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகள் 7,600-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை விற்றிருந்தன. வாங்கியவர்களில் பலர் என்கிளெக்ஸிலும் தேறி வேலையில் இருந்தவர்கள். அதற்குப் பிறகு உரிமம் பறிபோனது. வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு இருக்கிறது. நீங்கள் காட்டிய மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள். இங்கிலாந்து விசாவில் பொய் ஆவணம் கண்டால் பத்து வருடம் உள்ளே விட மாட்டார்கள். தோல்விக்கு மறுதேர்வு உண்டு, பொய்க்குக் கிடையாது. "யாருக்கும் தெரியாது" என்று சொன்ன ஆள் அன்றைக்குப் போனை எடுக்கவும் மாட்டான்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். 2015-ல் கேரளத்தில் அல் சராஃபா என்ற கொச்சி நிறுவனத்தின் மீது சிபிஐ வழக்குப் போட்டது. குவைத்துக்குச் செவிலியர்களை அனுப்ப ஒருவரிடம் 19,500 ரூபாய் வாங்க வேண்டியவர்கள் 19.5 லட்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒரு புள்ளிதான் நகர்ந்தது போலத் தெரியும். ஒரு குடும்பத்தின் வீடு நகர்ந்துவிடும். அதே ஆண்டு வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மத்திய அரசு அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். எந்த நாட்டுக்கு ஆள் எடுத்தாலும் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜென்டுக்குப் பதிவு எண் வேண்டும். இ-மைகிரேட் தளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும், அதற்கு மேல் வாங்கக் கூடாது. இங்கிலாந்தின் ஆள்சேர்ப்பு நெறிமுறையோ வேலைக்கு வரும் செவிலியரிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்கிறது. எஸ்சி, எஸ்டி பிரிவைச் சேர்ந்த செவிலியர்கள் தாட்கோவில் ஜெர்மன் மொழிப் பயிற்சி பற்றி விசாரிக்க வேண்டும். பணம் கட்டித்தான் எல்லாம் கற்க வேண்டும் என்பதில்லை.

ஒரிஜினல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். "ஃபீஸ் பாக்கி இருக்கு, முடிச்சுட்டு வாங்கிக்கோ" என்று சொல்ல எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, கடனுக்கு ஈடாக அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து.

கோச்சிங் சென்டர்காரர்களில் நல்லவர்கள் உண்டு, நானும் சிலரைப் பரிந்துரைப்பேன். ஆனால் "100 சதவீதம் பாஸ்" என்று போர்டு வைத்திருக்கிற இடத்துக்குள் போகாதீர்கள். 2024 நவம்பர் 13 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தேர்ச்சி உத்தரவாதம், வேலை உத்தரவாதம் என்று கோச்சிங் சென்டர் விளம்பரம் செய்வதே தவறு. தேறிய பெண்ணின் போட்டோவை அவளுடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் போடவும் கூடாது. கல்லூரி வேறு, கோச்சிங் சென்டர் வேறு. கோச்சிங் என்பது காசுக்கு விற்கும் சேவை. சொன்ன வகுப்பு நடக்கவில்லை, ஆசிரியர் பாதியில் போய்விட்டார், பணம் திரும்பத் தர மறுக்கிறார்கள் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சென்டர் கொச்சியிலோ பெங்களூரிலோ இருந்தாலும், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். இதற்கெல்லாம் ரசீதும் வாட்ஸ்அப் செய்தியும்தான் ஆயுதம். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாய்ப்பேச்சை நம்பி வராதீர்கள். அந்தப் புடவைப் பெட்டியைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது அதனால்தான்.

ஏமாற்றப்பட்டீர்கள் என்றால் காவல் நிலையம், மாவட்டக் குற்றப்பிரிவு. ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று பின்வாங்காதீர்கள். பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும், எண் 15100. தேர்வுக்காகக் கந்துவட்டிக்கு வாங்கிவிட்டு மிரட்டலுக்கு ஆளானவர்களுக்கு 2003-ம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. தோற்றதால் கடன் குற்றமாகிவிடாது, மிரட்டுவதுதான் குற்றம்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. தோற்றவள் தூங்காமல், சாப்பிடாமல், போனை அணைத்துவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தால் அதைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். மற்றவர் உயிரைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவளுக்குத் தன் மனசு உடைவதைச் சொல்ல வாய் வராது. "எனக்கே கவுன்சலிங்கா" என்பாள். 14416-க்கு அழைத்தால் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் தமிழிலேயே பேசுவார்கள், எந்த நேரமும், இலவசமாக. சாக வேண்டும் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் அவளைத் தனியே விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பத்திரிகை கொடுக்க வரும் உறவினர் "இன்னும் லண்டன் போகலையா?" என்று கேட்டால் பதிலை அம்மாவோ அப்பாவோ சொல்லுங்கள். அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

அன்றைக்கு அந்த இரண்டு தாள்களையும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பகுதிக்கும் எது அதிகமோ அதைப் பேனாவால் வட்டமிட்டாள். நான்கு வட்டம். என்எம்சி விதியைத் தன் போனிலேயே திறந்து இரண்டு முறை படித்தாள். திங்கட்கிழமை பணம் கட்டப் போகவில்லை. ஆனால் ரைட்டிங்கில் ஏன் 310-லிருந்து 290-க்கு இறங்கினோம் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கொடுத்த கேஸ் குறிப்பில் இருக்கும் அத்தனையையும் கடிதத்தில் அள்ளிப் போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். 180, 200 சொல்லுக்குள் எதை விடுவது என்பதுதான் அங்கே கேள்வி. தேவைப்படாவிட்டாலும் இப்போது வாரம் மூன்று கடிதம் எழுதிக் கொண்டுவருகிறாள். நான் சிவப்புப் பேனாவால் அடிக்கிறேன். குழுமப் பதிவைப் புதுப்பித்துவிட்டாள். நைட் டியூட்டி தொடர்கிறது. அடுத்து சிபிடிக்குத் தேதி வாங்க வேண்டும், அதற்குப் பிறகு ஓஸ்கி.