வரி ஓரத்தில் பிளக்கும் சேர்வராயன்

ஏற்காட்டைப் பற்றிக் குறுகிய பத்தியில் அச்சுக் கோத்துப் பாருங்கள். காப்பித்தோட்டத்தொழிலாளர், கொண்டைஊசிவளைவு, சேர்வராயன்மலை எல்லாம் வரி ஓரத்தில் முட்டி நிற்கும். உடைக்காமல் முடியாது. எங்கே உடைப்பது?

பழைய கல்வெட்டுகளில் இந்தக் கவலை இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. கல் முடிந்த இடத்தில் வரியும் முடிந்தது. அச்சில் அப்படி விட முடியாது. 'காப்பி' மேலே நின்று 'த்தோட்டம்' கீழே தொடங்கினால் படிக்கிற கண் இடறும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய விதி. வரிக்கும் அதுவே நல்லது. காப்பித்-தோட்டம் என்று ஒற்றை மேலேயே நிறுத்த வேண்டும்.

அசை பிரித்தால் போதாதா என்று யாப்பு படித்தவர்கள் கேட்கலாம். சேர்வராயன் மலைப் பழங்குடிகளான மலையாளிகளின் பெயரையே எடுத்துக்கொள்வோம்: மலை/யா/ளி. நிரையசை முடியும் இடத்தில் மலையும் முடிகிறது. ஆனால் சேர்வராயன்? சேர்/வரா/யன், கூவிளங்காய். ஓசை சரி, ராயன் இரண்டாகிவிட்டான். சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்பார்கள். செய்யுளுக்கு அது பொருந்தும். உரைநடையில் அது வாசகருக்குச் செய்கிற கொடுமை. வரி ஓரத்தில் நாம் இணைப்புக்கோடு போடும் வழக்கமும் அரிது என்பதால், சொல் இன்னும் முடியவில்லை என்ற எச்சரிக்கைகூட அவருக்குக் கிடைப்பதில்லை.

நம்மைப் போலவே சொற்களை ஒட்டி ஒட்டி நீளமாக்கும் ஸ்வீடிஷ் மொழியில், கூட்டுச்சொல்லை முதலில் ஒட்டிய இடத்தில்தான் பிரிப்பார்கள், அசையெல்லாம் பிறகு. அங்கே சூயிங்கம்முக்கு 'துக்கும்மி' என்று பெயர். மெல்லுதலைக் குறிக்கும் 'துக்'கும் 'கும்மி'யும் சேரும்போது, அவர்கள் எழுத்தில் அடுத்தடுத்து மூன்று 'ஜி' வர வேண்டும், இரண்டுதான் எழுதுவார்கள். வரி ஓரத்தில் பிரித்தாலோ விழுந்த எழுத்து திரும்பி வந்துவிடும்! உறுப்புச் சொற்களுக்கு எவ்வளவு மரியாதை!

கணினி இதைத் தானே செய்யாதா? 1983இல் ஸ்டான்போர்டில் பிராங்க் லியாங் தந்த முறை, எழுத்துக் கோவைகளைப் பார்த்தே வெட்டும் இடத்தைச் சொல்லும். தமிழுக்கும் அத்தகைய கோவைகள் உண்டு. ஒற்றெழுத்து வரித்தலையில் வராமல் அவை காக்கும். ஆனால் சேர்வ-ராயன், கொண்டை-ஊசி என்று ஒட்டு எங்கே இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது. அதற்கு ஒட்டிடம் குறித்த சொற்பட்டியல் வேண்டும். தமிழ் அகராதி தயாரிப்பவர்கள் ஒவ்வொரு கூட்டுச்சொல்லிலும் ஒரு சிறு கோடு போட்டுக்கொடுத்தால் போதும், மென்பொருள்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.