செய்தியும் சான்றும்

அறிவைத் தேடி நெடுவழி நடந்தனர் நம் முன்னோர். இன்றோ அறிவு நம் உள்ளங்கைக்கே வந்து சேர்கிறது. ஆயின், பொய்யும் அதனுடன் கைகோத்து வருகிறது. இரண்டும் ஒரே ஆடை உடுத்தி வருவதால் பிரித்தறிதல் மாணவர்க்கு அரிதாகிறது.

இது ஏட்டுக் கல்வியோடு முடியும் சிக்கல் அன்று. 2018 மே மாதத்தில், குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயில் வழிபாட்டிற்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்துக் கொன்றது. ஆராயாமல் நம்பியதன் விலை ஓர் உயிர்!

ஆராயும் நெறி நமக்குப் புதிதன்று. சொல்பவர் எவராயினும் சொல்லப்பட்டதன் உண்மையைக் காண வேண்டும் என்பது ‘அறிவுடைமை’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. நபிமொழிக் கலை வல்லுநரோ, செய்தியோடு அது வந்த வழியையும் ஆராய்ந்தனர். ‘இஸ்னாத்’ எனப்படும் அறிவிப்பாளர் வரிசையில் ஒவ்வொருவரும் நேர்மையாளரா, நினைவாற்றல் மிக்கவரா, தமக்கு முன்னவரிடம் நேரில் கேட்டவரா எனத் துருவினர். வரிசை அறுபட்டால் செய்தி வலுவிழந்தது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. அவர்கள், பல சுவடிகளை ஒப்புநோக்கியே பாடம் துணிந்தார். என்ன சொல்லப்படுகிறது, யார் வழியாக வருகிறது, பிற சான்றுகள் ஒத்துரைக்கின்றனவா என்னும் இம்மூன்று வினாக்களே இணையத்திற்கும் உரைகல்லாகும்.

மூன்றாம் வினாவின் அருமையை, ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களான சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு உணர்த்துகிறது. வரலாற்றறிஞர் 10 பேர், மாணவர் 25 பேர், செய்திகளைச் சரிபார்க்கும் தொழிலர் 10 பேர் ஆகியோர் சில இணையத்தளங்களை மதிப்பிட்டனர். அறிஞரிலும் மாணவரிலும் பலர் ஒரே தளத்தில் நின்று, அதன் பெயரிலும் பொலிவிலும் மயங்கினர். சரிபார்ப்போரோ விரைவில் அதனின்று வெளியேறி, அத்தளத்தைப் பற்றிப் பிறர் கூறுவதைத் தேடினர். குறைந்த நேரத்தில் உண்மையைக் கண்டனர்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இவ்விழிப்பு இன்னும் இன்றியமையாததாகிறது. சாட்ஜிபிடி புனைந்து தந்த, என்றுமே வழங்கப்படாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்கள், 2023-இல் 5000 டாலர் தண்டம் பெற்றனர். கற்றோர்க்கே இந்நிலை எனின், மாணவர் நிலை யாது?

வகுப்பறையில் நாம் செய்யத்தக்கது எளிது. அப்துல் கலாம் கூறியதாக உலவும் பொன்மொழி ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவோம். எந்நூலில், எவ்வுரையில், எவ்வாண்டில் என மாணவரைத் தேடச் செய்வோம். விடை கிட்டாதபோது, ‘இதற்குச் சான்று காணப்படவில்லை’ என எழுதும் துணிவைப் பழக்குவோம். அதற்கு மதிப்பெண்ணும் வழங்குவோம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் மின்னூல்களின் முகப்பில் அவற்றை உருவாக்கியோர் பெயரைத் தருவதைச் சுட்டிக்காட்டுவோம். பெயரும் மூலமும் கூறாத தளத்தை ஐயத்துடன் அணுகக் கற்பிப்போம்.

பெரியோர்க்கும் இதில் பங்குண்டு. குடும்பக் குழுவில் வரும் செய்தியை உடனே பிறர்க்கு அனுப்பாது, “இதை யார் சொன்னது?” என வீட்டுப் பெரியவர் ஒருமுறை கேட்பாராயின், பத்து வகுப்புகள் கற்பிக்க இயலாததை இளையோர் அங்கேயே கற்பர். கேட்டதையெல்லாம் பரப்பாது நிறுத்திக்கொள்ளும் நாவடக்கம், இன்று விரல் நுனிக்கும் வேண்டப்படுகிறது.