3,000 ஆர்பிஎம்மில் என்ன கிடைக்கும்?

டொயோட்டா ஜிடி86 காரின் விவரத்தாளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2 லிட்டர் பாக்ஸர் இன்ஜின், 200 குதிரைத்திறன், சுமார் 1,240 கிலோ எடை, பின்சக்கர இயக்கம். ஆனால் அந்த 200 குதிரைகளும் வந்து சேர 7,000 ஆர்பிஎம் ஆக வேண்டும். அதிகபட்ச டார்க்கான 205 நியூட்டன் மீட்டரும் 6,400-க்கு மேல்தான். நடுவில், ஏறத்தாழ 3,500-க்கும் 4,500-க்கும் இடையே, டார்க் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. முன்னால் போகும் லாரியை முந்தலாம் என்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கார் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கும். சத்தம் வரும், பிக்-அப் வராது. இதே இன்ஜினைச் சுமக்கும் சுபாரு பிஆர்இசட் காரிலும் இதே கதைதான்.

இந்தக் குறைக்கு சூப்பர்சார்ஜர் மாட்டுவது பழக்கமான வைத்தியம். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டில் இருந்து பெல்ட் மூலம் சுழலும் காற்று பம்ப் அது. சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டலாம். டர்போவும் இதையேதான் செய்கிறது, ஆனால் புகைவாயு போதிய அளவு வந்து டர்பைனைச் சுழற்றும்வரை காத்திருக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் இன்ஜினோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருப்பதால் கால் அழுத்தியதும் பதில் வரும். அதற்கு விலையாக, தன்னைச் சுழற்றிக்கொள்ள இன்ஜினின் பலத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

சூப்பர்சார்ஜர் என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே சாதி இல்லை என்பதைக் கவனிக்காமல் பணத்தைக் கொட்டியவர்கள் நிறைய. குறைந்த வேகத்தில் பலம் வேண்டும் என்று கேட்டுவிட்டு, அதைத் தராத வகையை வாங்கிவிடுகிறார்கள். காரணம், விளம்பரத்தில் பெரிதாக அச்சாவது உச்சக் குதிரைத்திறன் மட்டும்தான்.

முதல் வகை மையவிலக்கு சூப்பர்சார்ஜர். அமெரிக்காவின் வோர்டெக், டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் ஆகியவை இந்த ரகம். கலிஃபோர்னியாவின் ஜாக்சன் ரேசிங் இந்த காருக்கு விற்கும் கிட்டில் இருப்பது ரோட்ரெக்ஸ்தான். ஜப்பானின் எச்கேஎஸ் கிட்டும் மையவிலக்கு வகையே. உள்ளே டர்போவில் இருப்பது போன்ற ஒரு சின்ன இறக்கைச் சக்கரம் அசுர வேகத்தில் சுழன்று காற்றை வெளிப்புறமாக வீசும். இதன் குணம் ஒரே வரியில் அடங்கிவிடும்: அழுத்தம், சுழலும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 7,000 ஆர்பிஎம்மில் 0.6 பார் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி வேகமான 3,500-ல் 0.3 பார் கிடைக்காது. கால் பங்கு, அதாவது சுமார் 0.15 பார்தான் கிடைக்கும். 2,500-ல் 0.08 பார். மாட்டினோமா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது வகை, படியால் அளந்து கொட்டுவதுபோல ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு காற்றைத் தள்ளுவது. இதன் மூத்த வடிவம் ரூட்ஸ் ப்ளோயர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை பெற்றபோது ஸ்போர்ட்ஸ் கார் என்ற ஒன்றே கிடையாது. இன்று அதன் தேறிய வாரிசு ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ் வரிசை. (மதுரை டிவிஎஸ்ஸுக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை.) ஆஸ்திரேலியாவின் ஹாரப், ஜிடி86-க்குச் செய்யும் கிட்டில் இருப்பது டிவிஎஸ் 1320. அந்த எண், ஒரு சுற்றுக்கு 1.32 லிட்டர் காற்று என்பதைக் குறிக்கிறது. ட்வின் ஸ்க்ரூ எனப்படும் இரட்டைத் திருகு வகையும் இதே குடும்பம்தான். ஆஸ்திரேலியாவிலேயே ஸ்ப்ரின்டெக்ஸ் அதைச் செய்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக் 2 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு 2 லிட்டர், ஆகவே ஒரு சுற்றுக்கு 1 லிட்டர் காற்றை இழுக்கும். கிராங்க் ஒருமுறை சுற்றும்போது ப்ளோயர் 1.2 முறை சுற்றுமாறு புல்லி அமைந்திருந்தால், அது தள்ளுவது கிட்டத்தட்ட 1.58 லிட்டர். கசிவு போக, இன்ஜின் தானாக இழுப்பதைவிட நாற்பது ஐம்பது சதவீதம் கூடுதல். முக்கியமான விஷயம், இந்த விகிதம் 2,500-லும் 6,500-லும் ஏறக்குறைய ஒன்றுதான். 3,000 ஆர்பிஎம்மில் 180 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினில் சுமார் 76 குதிரைத்திறன் இருக்கும். டார்க்கை 40 சதவீதம் ஏற்றினால் அதே இடத்தில் 106. நகரத்தில் ஓட்டுகிறவருக்கு அந்த முப்பது குதிரைகள் போதும், உச்சத்தில் இருக்கும் முந்நூறு பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை.

ப்ளோயரின் அளவில் ஒரு நுணுக்கம் உண்டு. சுழலிகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருந்தாக வேண்டும், அதன் வழியே காற்று பின்னால் கசியும். மெதுவாகச் சுற்றும்போது இந்தக் கசிவின் பங்கு அதிகம். ஆகவே பெரிய ப்ளோயரை மெதுவாகச் சுற்றுவதைவிட, அளவான ஒன்றைச் சற்று வேகமாகச் சுற்றுவதுதான் கீழே நன்றாக வேலை செய்யும். பெரிதாக வாங்கினால் பின்னால் உதவும் என்கிற நம் வழக்கமான புத்தி இங்கே செல்லாது.

அப்படியானால் மையவிலக்கு வகை மட்டமா? இல்லை. கியர் விகிதத்தைப் பாருங்கள். ஜிடி86 மேனுவலில் இரண்டாவது கியர் 2.188, மூன்றாவது 1.541. ரேஸ் டிராக்கில் 7,000 வரை இழுத்து மாற்றினால் ஆர்பிஎம் ஊசி விழுவது சுமார் 4,900-க்குத்தான். அங்கே மையவிலக்கு வகை நன்றாகவே ஊதும், உட்கொள்ளும் காற்றும் அதிகம் சூடாகாது. ஆனால் ஊருக்குள் 3,000-ல் மாற்றுகிறவருக்கு ஊசி 2,100-ல் போய் நிற்கும். ஆறாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் இன்ஜின் 2,700 அளவில்தான் சுற்றும். உங்கள் ஊசி எங்கே குடியிருக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் கிடைக்கும் பலத்தை அளந்து காட்டும் டைனோ வரைபடத்தை விற்பவரிடம் கேளுங்கள். அது 2,000-ல் தொடங்க வேண்டும். 4,000-ல் தொடங்கும் வரைபடத்தை நீட்டினால், அதற்குக் கீழே காட்ட ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கீழே கிடைக்கும் டார்க் சும்மா வராது. இந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதமே 12.5. பிஸ்டன் மெதுவாக நகரும் இடத்தில் அழுத்தத்தை ஏற்றினால் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் அதிக நேரம் கிடக்கும், தானாகவே வெடிக்கும் நாக்கிங் வரும். கனெக்டிங் ராடை வளைப்பதும் பெரும்பாலும் உச்சக் குதிரைத்திறன் இல்லை, கீழ் ஆர்பிஎம்மில் சிலிண்டருக்குள் எகிறும் அழுத்தம்தான். அதனால் இந்த காருக்கு அரை பார் அளவோடு நிறுத்திக்கொள்வதும், உயர் ஆக்டேன் பெட்ரோலும், பொறுப்பான இசியு (இன்ஜின் கணினி) டியூனிங்கும் கட்டாயம் என்பேன்.

ரூட்ஸ் வகைக்குச் சூடும் ஒரு தலைவலி. காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத கிட்டைத் தொடவே வேண்டாம். 2015-ல் வந்த செவர்லே கார்வெட் இசட்06, டிவிஎஸ் 1740 பூட்டிய 650 குதிரைத்திறன் கார். டிராக்கில் சூடேறி பலம் குறைகிறது என்ற புகாருக்குப் பிறகு 2017 மாடலில் காற்றுத் துளைகளை மாற்ற வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிக்கே அந்தப் பாடு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்த மாநிலத்தின் காற்று வாரியம் கிட்டுக்குத் தரும் அனுமதி எண் இல்லாவிட்டால் புகைச் சோதனையில் நிற்க வேண்டிவரும்.

பள்ளம் மட்டும்தான் தொல்லை என்றால் எக்ஸாஸ்ட் ஹெடரை மாற்றி டியூன் செய்தாலே அது பெருமளவு நிரம்பும். டொயோட்டாவே 2017-ல் அமெரிக்க மேனுவல் கார்களில் ஃபைனல் டிரைவ் விகிதத்தை 4.1-ல் இருந்து 4.3 ஆக்கியது, அந்த வழியும் திறந்தே இருக்கிறது.

பென்ட்லியை உருவாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு ப்ளோயர் பிடிக்காது. பலம் வேண்டுமென்றால் சிசியை ஏற்று என்பது அவர் கட்சி. ஓட்டுநர் டிம் பர்கின் அவர் பேச்சைக் கேட்காமல் சூப்பர்சார்ஜர் பூட்டிய நாலரை லிட்டர் பென்ட்லிகள் புகழ் பெற்றன, ஆனால் லெ மான் பந்தயத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை. 1929, 1930 இரண்டு ஆண்டும் வென்றது ப்ளோயர் இல்லாத ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ். 2021-ல் ஜிடி86-இன் அடுத்த தலைமுறையான ஜிஆர்86 வந்தபோது டொயோட்டாவும் சுபாருவும் போனது அதே பாதையில்தான்: 2.4 லிட்டர், 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,700 ஆர்பிஎம்மிலேயே. பழைய காரை விற்று, கிட்டுக்கு ஆகும் பல ஆயிரம் டாலரையும் பொருத்தும் கூலியையும் அதோடு சேர்த்தால் புது காருக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அந்த இன்ஜினோடு கம்பெனி வாரண்டியும் வரும்.